குட்டியைக் கண்டோம், தாயைக் கண்டோமா?

வீட்டிற்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் அன்று அங்கே ஒரு சிறு திருவிழாதான். குழந்தைகள் புத்தகப் பையைக் கூடத்திலே போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுகிறார்கள். "வீட்டுக்குள் நாயா!" என்று முதல் நாள் முகஞ் சுளித்த பாட்டியார், மூன்றாம் நாள் யாரும் பாராத சமயத்தில் தம் தட்டிலிருந்து ஒரு துண்டு இட்லியை அதற்கு எடுத்துப் போடுகிறார். குட்டிக்குப் பெயர் வைப்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை மூளுகிறது. இவ்வளவும் நடக்கும் வேளையில் குட்டியை வாங்கி வந்த குடும்பத் தலைவரை அணுகி, அதன் ஜாதி என்ன, விலை என்ன என்று கேளுங்கள். தயங்காமல் விடை சொல்வார். "இதன் தாயைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள், விழிப்பார்.

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று பழமொழி வழங்கும் நாடு நம்முடையது. கிடேரிக் கன்று வாங்கப் போகும் குடியானவர்கூட, தாய்ப் பசு எத்தனை படி கறந்தது, எத்தனை ஈற்று ஈன்றது என்று விசாரித்த பிறகே விலை பேசுவார். நாய்க்குட்டி விஷயத்தில் மாத்திரம் இந்த நல்ல வழக்கத்தை மறந்துவிட்டோம். கைப்பேசியில் படத்தைப் பார்க்கிறோம்; பணத்தை அனுப்புகிறோம்; பஸ் நிலையத்தில் ஓர் அட்டைப் பெட்டியைப் பெற்றுக்கொள்கிறோம். பெட்டிக்குள்ளிருந்து குட்டி நம்மைப் பார்க்கிறது. அதை ஈன்ற தாய் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. அந்தத் தாயைப் பற்றிச் சிறிது சொல்லவே இதை எழுதுகிறோம்.

வியாபாரக் கணக்கு

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக் காலம் ஏறக்குறைய 63 நாட்கள். பிறந்த குட்டிகள் எட்டு வாரமேனும் தாயுடன் இருக்க வேண்டும். லாப்ரடார் போன்ற பெரிய ஜாதி நாய்கள் ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் போடுவது சகஜம். இப்பொழுது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவத்தையும் வீணாக்காத வியாபாரியிடம் அகப்பட்ட நாய்க்கு, ஆண்டில் நாலு மாதம் சினை. கிட்டத்தட்ட நாலு மாதம் பால் கொடுக்கும் வேலை. உடல் தேறுவதற்கு மிஞ்சுவது நாலே மாதம். அந்த நாலு மாதமும் ஒரு சேர வருவதில்லை. இரண்டு துண்டுகளாக வருகின்றன. நாலைந்து ஆண்டுகள் இப்படிச் சென்றால் எலும்பில் பலம் குன்றும், முலைகள் தொங்கும், குட்டிகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்ததும் வியாபாரிக்கு அந்த நாயினால் ஆகும் பயன் ஒன்றுமில்லை. சோறு போடுவது நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

நாய் வளர்த்து விற்பவர் எல்லோரும் இத்தகையவர்கள் என்று நாம் கூறவில்லை. தாய் நாயைப் பெற்ற மகளைப்போல் பேணி, இரண்டு மூன்று ஈற்றுடன் ஓய்வு கொடுக்கும் அன்பர்களும் உளர். அவர்கள் தாயைக் காட்டத் தயங்குவதில்லை. காட்ட மறுப்பவர்களிடந்தான் நமக்கு விவகாரம்.

வெள்ளைச்சி

திண்டிவனத்துக்கு அருகே ஒருவர் குட்டி வியாபாரத்தை மூடிவிட்டு வெளியூர் போகும்படி நேர்ந்தது. பிராணிகளிடம் அன்புள்ள இளைஞர் சிலர் அங்கே சென்று, வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட மூன்று நாய்களைக் கேட்டு வாங்கி வந்தார்கள். நிரந்தரமான வீடு கிடைக்கும் வரையில் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நம்மைக் கேட்டார்கள். அவ்விதம் வந்ததுதான் வெள்ளை லாப்ரடார் ஜாதிப் பெட்டை ஒன்று. வயது ஆறு இருக்கலாம் என்று வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பெயர் இல்லை. பெயர் சொல்லி அழைப்பதற்கு அதுவரையில் அவசியம் நேரவில்லை போலும். நம் வீட்டுக் குழந்தைகள் வெள்ளைச்சி என்று வைத்தார்கள்.

வெள்ளை என்பது பெயரளவில்தான். மயிர் பாதி உதிர்ந்து சொறி பிடித்திருந்தது. காது மடலுக்குள் உண்ணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. கம்பி வலையின் மேலேயே நின்று நின்று பாத விரல்கள் அகன்று, இடையில் புண் கண்டிருந்தன. நகங்கள் வளைந்து சதைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தன. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் இரத்தச் சோகையும் தெரிந்தன. வைத்தியர் 28 நாட்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சார், உடம்புக்கு மருந்து என்னிடம் இருக்கிறது. மனசுக்கு உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அன்று மாலையே விளங்கிற்று. பின்கட்டில் விசாலமான முற்றம் உண்டு. அங்கே அவிழ்த்து விட்டோம். வெள்ளைச்சி ஓடவில்லை. முற்றத்தின் ஒரு மூலையில், நாலடிக்கு மூன்றடி இடத்தில், வட்டமிட்டு வட்டமிட்டு நடந்தது. அதன் பழைய கூண்டின் அளவு அவ்வளவுதான் என்று அழைத்து வந்த இளைஞர்கள் சொன்னார்கள். கூண்டு போய்விட்டது, கூண்டின் சுவர்கள் அதன் மனத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒன்பது நாள் கழித்துத்தான் அந்த எல்லையைத் தாண்டி வேப்பமரத்தடி வரையில் வந்தது.

படிக்கட்டு என்பதை அது அறியாது. கோணிப்பையை விரித்தால் அதன்மேல் படுக்காமல் பக்கத்து வெறுந்தரையில் படுக்கும். யாராவது நேரே வந்து தலைமேல் கை வைத்தால் சிறுநீர் கழித்துவிடும். ஆகவே, பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பாராததுபோல் நம் காரியத்தைச் செய்வதென்று வைத்துக்கொண்டோம். வேளை தவறாமல் சோறும் வேகவைத்த கோழி இறைச்சியும் முட்டையும் சிறிது சிறிதாக நாலு வேளை கொடுத்தோம். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே வேளையில் நிறையப் போடுவது தீங்கு. நாற்பதாம் நாள் பால்காரரைப் பார்த்து ஒரு முறை குரைத்தது. தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு உள்ளே ஓடிவிட்டது. பால்காரரோ, "பேசிவிட்டதா, சார்!" என்று நம்மைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

செவிலித் தாய்

பிறர் வீட்டுக்குப் போகப்போகும் நாயை இவ்வளவு பிரயாசைப்பட்டு வளர்ப்பானேன் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இது: தமிழில் செவிலித் தாய் என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் பெற்ற தாய்க்குச் சமமான இடம் செவிலிக்கு உண்டு. பெண்ணை வளர்த்து, அவள் மனம் அறிந்து, ஒருநாள் அவளைப் பிரிந்து வருந்துகிறவள் அவள். கண்ணனை வளர்த்த யசோதையும் அத்தகையவளே. தன்னுடையதாக வைத்துக்கொள்வதற்காக அன்றி, நல்ல இடத்தில் சேர்ப்பதற்காக ஓர் உயிரை வளர்ப்பது நமக்குப் புதியதன்று.

இதில் ஒரு நடைமுறை நன்மையும் உண்டு. காப்பகத்தில் நூறு நாய்களுக்கு நடுவே அஞ்சிக் கிடக்கும் நாயின் உண்மையான குணம் வெளிப்படாது. ஒரு வீட்டில் சில வாரங்கள் இருந்தால் அது குழந்தைகளிடம் எப்படி நடக்கிறது, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, தீபாவளி வெடிக்கு எவ்வளவு அஞ்சுகிறது என்பதெல்லாம் தெரியவரும். புது வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லலாம். மேலும், ஒன்றை நமக்கே என்று வைத்துக்கொண்டால் நம் வீட்டில் இடம் அடைந்துவிடும். கொடுத்துவிட்டால் அடுத்த உயிருக்கு இடம் கிடைக்கும்.

"ஒரே ஓர் ஈற்று மட்டும்"

மூன்றாம் மாதம் வெள்ளைச்சிக்கு மயிர் முளைத்து மேனி பளபளத்தது. ஊரில் வசதியுள்ள ஒருவர் வந்து பார்த்தார். பெரிய வீடு, தோட்டம், வேலைக்காரர்கள் எல்லாம் உள்ளவர். நாய்க்கும் அவரிடம் அச்சம் தோன்றவில்லை. பேச்சு முடியும் தருவாயில், "சார், கருத்தடை அறுவை மாத்திரம் செய்துவிடாதீர்கள். நல்ல ஜாதியாயிருக்கிறது. ஒரே ஓர் ஈற்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கும் ஒரு குட்டி கொடுத்துவிடுகிறோம்" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். தாம் கேட்பது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றும் குறைவில்லாத வீட்டில் நல்ல மனத்துடன் கேட்கப்படும் அந்த "ஒரே ஓர் ஈற்று"தான் ஊர்ப்புறத்தில் கம்பிக் கூண்டாக முடிகிறது. நாம் கைகூப்பி விடை கொடுத்து அனுப்பினோம். இரத்தச் சோகை நீங்கிவிட்டதை மறுபரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, அடுத்த வாரமே வைத்தியர் கருத்தடை அறுவை செய்தார். வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே ஆபத்து நேர்வதுண்டு. அறுவை அந்த ஆபத்தையும் நீக்கிவிடுகிறது. அறுவை முடிந்த பிறகே நாயைக் கையளிப்பது என்பதை இவ்விஷயத்தில் ஈடுபடும் எல்லோரும் கண்டிப்பான விதியாகக் கொள்ளவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

பிறகு விழுப்புரத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியாரும் வந்தார்கள். "அம்மா, இது குரைப்பதே அபூர்வம். காவலுக்கு உதவாது" என்று முன்கூட்டியே சொன்னோம். அந்த அம்மையார், "காவலுக்குத்தான் கதவும் பூட்டும் இருக்கின்றனவே, தம்பி! பிள்ளைகள் தூர தேசத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஓர் உயிர் நடமாட வேண்டும்" என்றார். அதற்குமேல் நமக்குக் கேள்வி இல்லை. எனினும் கேட்க வேண்டியவற்றைக் கேட்டோம். மதில் எவ்வளவு உயரம்? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வைத்தியச் செலவு கட்டுபடியாகுமா? பிடிக்காவிட்டால் வேறு யாருக்கும் கொடாமல் நம்மிடமே திருப்பித் தரச் சம்மதமா? அனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருதரப்பாரும் கையெழுத்திட்டோம்.

விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். நாங்கள் ஒரு மாதம் போகவில்லை. பழைய முகத்தைக் கண்டால் புதிய இடத்தில் மனம் ஒட்டாது. தகவல் மாத்திரம் வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கட்டிலடியில் ஒளிந்திருந்தது. மூன்றாம் வாரம் வாசற்படியில் வந்து படுத்தது. மூன்றாம் மாதம், மாலை ஐந்து மணியானதும் தானே கழுத்து வாரை வாயில் கவ்விக்கொண்டு அம்மையார் முன் நிற்கத் தொடங்கியது. இடம் மாறிய நாய்க்கு அச்சம் தெளிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், வீடு தன்னுடையதென்று தோன்ற மூன்று மாதம் என்று அனுபவஸ்தர்கள் சொல்லும் பொதுக் கணக்கு இந்த நாய் விஷயத்தில் ஏறக்குறையப் பலித்தது.

சட்டமும் ஐம்பது ரூபாயும்

நாயைப் பட்டினி போடுவதும், அசையவும் இடமில்லாத கூண்டில் அடைப்பதும், கைவிடுவதும் குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. இச்சட்டம் பிறந்ததில் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேலை நாம் பரதநாட்டியத்துக்காகவே நினைவு கூர்கிறோம். 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், பிராணிகளின் துன்பத்தைத் தடுக்கத் தனி மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்மேல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டம் நிறைவேறி, 1962-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

சட்டம் நல்லதுதான், தண்டனையைப் பாருங்கள். முதற் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! 1960-இல் ஐம்பது ரூபாய் ஒரு தொகை. இன்று ஒரு குட்டியின் விலையில் அது எந்த மூலைக்கு? தொகையை உயர்த்தவேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருந்து வருகிறது.

2017-இல் மத்திய சர்க்கார் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகளை வகுத்தது. அவற்றின்படி, வளர்த்து விற்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. இவ்விதிகளை வாங்குகிறவர்கள் அறிந்திருந்தால் போதும். பாதிக் கூண்டுகள் தாமாகவே திறந்துவிடும். "உங்கள் பதிவுச் சான்றைக் காட்டுங்கள்" என்று கேட்பதற்கு வக்கீல் வேண்டியதில்லை.

நம் நாட்டு மரபு

1926-ஆம் ஆண்டில் ஆமதாபாத் ஆலை ஒன்றில் 60 தெருநாய்கள் கொல்லப்பட்டதைக் குறித்து மகாத்மா காந்திக்கு முறையீடு வந்தது. அவர் "யங் இந்தியா"வில் தொடர்ந்து எழுதிய விடை பலருக்கு அதிர்ச்சி தந்தது. ஆலை முதலாளியை அவர் கண்டித்துவிடவில்லை. அதை ஏற்க இயலாதவர்கள் அன்றும் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவ்விவாதத்தில் அவர் வற்புறுத்திய ஓர் உண்மை மறுக்க முடியாதது. பசித்த நாய்க்கு ஒரு பருக்கையை எறிந்துவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைப்பது தயை ஆகாது. உடையவன் இல்லாத நாய் சமூகத்தின் அறியாமைக்கும் சோம்பலுக்கும் அடையாளம். தயை உள்ளவன் பொறுப்பை ஏற்று வளர்க்கவேண்டும் என்பதே அது. பொறுப்பில்லாத இரக்கம் இரக்கமே அன்று என்ற இந்த வார்த்தை, குட்டி வாங்கும் நமக்கும் பொருந்தும்.

காந்தியடிகளுக்கு வெகு காலம் முன்னரே நம் பக்கத்து மக்கள் நாயைப் பெருமைப்படுத்தத் தெரிந்திருந்தார்கள். விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் குகைக் கோயில் குடைவித்த மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நடப்பெற்ற ஒரு நடுகல், திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் இருக்கிறது. தொறுப் பூசலில் விழுந்த வீரன் கருந்தேவக்கத்தியின் உருவத்துடன் அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லில் எழுதி வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குமுன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்த மண்ணில், ஆறு ஆண்டு வாழ்ந்த நாய்க்குப் பெயரே இல்லை என்றால் யாருக்கு வெட்கம்?

ஆங்கிலேயர் போனபின்னும் அவர்கள் நாட்டு நாய்மேல் நமக்குள்ள மோகம் போகவில்லை. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாய் திறந்து இளைத்தே அது வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குளிர் நாட்டுக்கு ஏற்ற அடர்ந்த மயிருள்ள ஹஸ்கியையும் மூக்கு நசுங்கிய பக்கையும் திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் வளர்ப்பது அவற்றை வதைப்பதே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் வெயிலிலேயே உருவான ஜாதிகள் இருக்கின்றன. அவற்றைக் காக்கத் தமிழக சர்க்கார் 1980-81-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பண்ணையே ஏற்படுத்தியது. ஜாதியே வேண்டாம், உயிர் போதும் என்பவர்களுக்கு நம் தெரு நாட்டு நாயைப்போல் உடற்கட்டும் அறிவும் உள்ள துணை வேறில்லை.

செய்யத்தக்கவை

செவிலிப் பணியில் இறங்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டார் அனைவரும் சம்மதித்த பிறகே தொடங்குங்கள். வேறு நாய் இருந்தால், புது நாயை இரண்டு வாரமேனும் தனியே வைத்து, தடுப்பூசியும் பூச்சி மருந்தும் முடித்துச் சேருங்கள். வெறிநாய்க் கடி ஊசியில் அலட்சியம் கூடவே கூடாது. அஞ்சிய நாய் கடிக்கலாம்; ஆகவே சிறு குழந்தைகளுடன் தனியே விடலாகாது. வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்து வாரைப் பிடித்திருங்கள். முதல் சில வாரங்களில்தான் நாய்கள் மிரண்டோடிக் காணாமற் போகின்றன. வெங்காயம், சாக்லேட், திராட்சை, வேகவைத்த எலும்பு இவற்றைக் கொடாதீர்கள். செலவுக் கணக்கும் வைத்தியச் சீட்டும் ஒரு நோட்டில் இருக்கட்டும். புது வீட்டுக்கு நாயுடன் அந்த நோட்டும் போகவேண்டும்.

குட்டி வாங்கியே தீருவது என்று இருப்பவர்களைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. விலை பேசுமுன் வியாபாரியிடம், "தாயைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால் மகிழ்ச்சியுடன் குட்டியை வாங்குங்கள். "தாய் வேறிடத்தில் இருக்கிறது" என்று பதில் வந்தால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புங்கள். வரும் வழியிலேயே, பெயரிடுவாரின்றி ஒரு நாய் உங்கள் தெருமுனையில் படுத்திருக்கும்.